இடுப்பில் துப்பாக்கி உறுத்தாமல் இருக்க எந்த ஹோல்ஸ்டர் வாங்கலாம்?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் பக்கம் ஒரு கேஸ் ஸ்டேஷனும் (பெட்ரோல் பங்க்) அதை ஒட்டிய கடையும் நடத்துகிறார். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர். கிளாக் 19 என்ற கைத்துப்பாக்கி வைத்திருக்கிறார். அதைச் சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்ள மூன்று ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை, வாங்கிவிட்டார்: எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்கும் நைலான் உறை ஒன்று, தோலும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த ஹைப்ரிட் ஒன்று, முழுக்க கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கில் செய்தது ஒன்று. நைலான் மட்டும்தான் உறுத்தவில்லையாம். மற்ற இரண்டும் காரில் உட்கார்ந்தால் அடிவயிற்றிலும் இடுப்பெலும்பிலும் குத்துகின்றன, தொப்பை வேறு இருக்கிறது, மெத்தென்று நல்ல பிராண்டாக ஒன்று சொல்லுங்கள் என்கிறார்.

பிராண்ட் பெயரைச் சொன்னால் நாலாவதாக ஒன்று வாங்கி அதையும் அலமாரியில் போடுவார். காலையில் மாட்டியதை இரவு கடை மூடும்வரை கழற்றி வைக்கத் தோன்றாமல் இருக்க என்ன செய்வது என்பதைத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு நான் சொல்லும் பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். உறுத்தலுக்குக் காரணம் பெரும்பாலும் பெல்ட்டும், துப்பாக்கி உட்காரும் இடமும், அது சாய்ந்திருக்கும் கோணமும்தான். உறை கெட்டியாகத்தான் இருக்க வேண்டும். மெத்தென்ற உறையைத் தேடுவது ஆபத்தில் போய் முடியும்.

நான் டெக்சாஸில் எல்.டி.சி. எனப்படும் கைத்துப்பாக்கி உரிம வகுப்பு எடுப்பவன். மாநிலம் வகுத்திருக்கும் அந்த வகுப்பு நாலு முதல் ஆறு மணி நேரம், அதோடு சுடும் பயிற்சிக்கான இடமான ரேஞ்சில் 50 குண்டு சுட்டுக் காட்டும் தேர்வு. அந்தத் தேர்வில் ஹோல்ஸ்டரிலிருந்து உருவிச் சுடச் சொல்வதில்லை. பல ரேஞ்சுகளில் பாதுகாப்பு கருதி ஹோல்ஸ்டரிலிருந்து உருவவே விடமாட்டார்கள். ஆக, உரிமம் கையில் இருப்பவர்களிலேயே பலர் ஹோல்ஸ்டரைப் பற்றி யாரிடமும் முறையாகக் கற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள். இந்தக் கேள்வி கேட்டதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்கள். ஹோல்ஸ்டரின் முதல் வேலை, துப்பாக்கியின் விசையான ட்ரிகரை மூடுவது. கிளாக்கில் கட்டைவிரலால் போடும் சேஃப்டி கிடையாது. ட்ரிகரின் நடுவில் இருக்கும் சின்ன நெம்புகோல், ஓரத்தில் ஏதாவது உரசினால் காப்பாற்றும். நடுவில் அழுத்தினால், அழுத்தியது விரலா சட்டை நுனியா என்று அதற்குத் தெரியாது. சுமார் இரண்டரைக் கிலோ இழுவை போதும், வெடித்துவிடும். அதனால் ட்ரிகரைச் சுற்றியிருக்கும் வளையம், அதாவது ட்ரிகர் கார்ட், இரண்டு பக்கமும் முழுக்க மூடியிருக்க வேண்டும். வெளியிலிருந்து விரலால் அழுத்தினாலும் ட்ரிகர் அசையக் கூடாது. இரண்டாவது, ஓடினாலும் குனிந்தாலும் துப்பாக்கி நழுவக் கூடாது. மூன்றாவது, துப்பாக்கியை வெளியே எடுத்த பிறகும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும், ஒற்றைக் கையால் திரும்ப வைக்க முடிய வேண்டும். நான்காவது, துப்பாக்கி உறைக்குள் இருக்கும்போதே பிடியை உள்ளங்கை முழுக்கப் பற்ற முடிய வேண்டும். இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் அது எவ்வளவு சுகமாக இருந்தாலும் வேண்டாம்.

உங்கள் நைலான் உறை முதல் சோதனையிலும் மூன்றாவதிலும் தோற்கும். துணி வழியாக அழுத்தினால் ட்ரிகர் கைக்குத் தட்டுப்படும். துப்பாக்கியை உருவியதும் வாய் மூடிக்கொள்ளும். திரும்ப வைக்க இன்னொரு கை வேண்டும், அந்தக் கை பெரும்பாலும் குழலுக்கு முன்னால்தான் வரும். உறையே இல்லாமல் இடுப்பில் செருகுவது இதைவிட மோசம். 2008 நவம்பரில் நியூயார்க் ஜயன்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டக்காரர் பிளாக்சிகோ பரஸ், மன்ஹாட்டன் இரவு விடுதி ஒன்றில் ட்ராக் பேண்ட் இடுப்பில் துப்பாக்கியைச் செருகி வைத்திருந்தார். அது காலுக்குள் வழுக்கியது, பிடிக்கப் போனார், தொடையில் சுட்டுக்கொண்டார். உரிமம் இல்லாமல் வைத்திருந்ததற்காக அடுத்த ஆண்டு இரண்டு வருடச் சிறைத் தண்டனையும் வந்தது. நம் சினிமாவில் கதாநாயகன் முதுகுப் பக்கம் செருகிக்கொண்டு சண்டைக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கைடெக்ஸ் என்பது ஒரு வகைக் கெட்டிப் பிளாஸ்டிக் தகடு. சூடாக்கி, துப்பாக்கியின் அச்சு மேல் போர்த்தி அழுத்தி வடிவம் கொடுப்பார்கள். துப்பாக்கி சரியாக உட்கார்ந்ததும் ‘கிளிக்’ என்று ஒரு சத்தம் வரும். எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதை ஒரு திருகால் மாற்றிக்கொள்ளலாம். அந்தத் திருகு நாளாவட்டத்தில் தளர்வது சகஜம், திருகு தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு விட்டுவிடுங்கள். வியர்வை கைடெக்ஸை ஒன்றும் செய்யாது. டெக்சாஸ் ஆகஸ்டில் இது சின்ன விஷயமில்லை. தோல் உடம்புக்கு இதம்தான், பழகப் பழக இடுப்பின் வளைவுக்கு வந்துவிடும். ஆனால் வியர்வையில் ஊறி ஊறித் தளர்ந்துபோன பழைய தோலுறையின் வாய் உள்பக்கம் மடிந்து ட்ரிகர் கார்டுக்குள் போய், திரும்ப வைக்கும்போது வெடித்த விபத்துகள் உண்டு. தோல்தான் வேண்டும் என்றால் வாயில் உலோகப் பட்டை வைத்துத் தைத்ததாகப் பாருங்கள். புதிதில் இறுக்கமாக இருக்கிறதே என்று எண்ணெய் தடவி இளக்கப் பார்க்காதீர்கள். தோலை இளக்கிவிட்டால் பிறகு கெட்டிப்படாது. துப்பாக்கியில் டார்ச் லைட் மாட்டியிருந்தால், அந்த லைட் மாடலுக்கென்றே செய்த உறைதான் பொருந்தும். அந்த வகை உறைகளில் ட்ரிகர் கார்ட் பக்கம் இடைவெளி சற்று அதிகமாக இருக்கும், அதையும் பார்த்து வாங்க வேண்டும்.

இனி உறுத்தலுக்கு வருகிறேன். நீங்கள் பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஆபீசுக்குப் போடும் சாதாரணத் தோல் பெல்ட்டாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். குண்டு நிரப்பிய கிளாக் 19 ஏறக்குறைய 850 கிராம். அந்தக் கனம் மெல்லிய பெல்ட்டில் ஒரே இடத்தில் தொங்கும். தொங்குகிறதே என்று நீங்கள் பெல்ட்டை இறுக்குவீர்கள். இறுக்கியதும் உறையின் விளிம்பு எலும்பில் பதியும். பழி ஹோல்ஸ்டர் மேல் விழும். உள்ளே விறைப்பான பட்டை வைத்த, ஒன்றரை அங்குல அகலமுள்ள கன் பெல்ட் போட்டால் கனம் இடுப்பைச் சுற்றிப் பரவிவிடும், அவ்வளவு இறுக்கவே வேண்டாம். ஓட்டை போட்ட பெல்ட்டில் ஒரு ஓட்டைக்கும் அடுத்ததற்கும் ஓர் அங்குலம் இடைவெளி, ஒன்று இறுகும், இன்னொன்று தளரும். பல் வைத்து நகரும் ராட்செட் பெல்ட் தொப்பை உள்ளவர்களுக்கு வரப்பிரசாதம். காரில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு பல் தளர்த்தி, இறங்கும்போது ஒரு பல் இறுக்கிக்கொள்ளலாம். பேண்ட்டுக்கு உள்ளே வைப்பதானால் பேண்ட் இடுப்பளவும் ஓர் அங்குலமாவது, சிலருக்கு இரண்டு அங்குலம், கூடுதலாக இருக்க வேண்டும். 36 போடுகிறவர் அதே 36-க்குள் துப்பாக்கியையும் திணித்துக்கொண்டு வயிற்றில் குத்துகிறது என்றால் குத்தத்தான் செய்யும்.

அடுத்து எந்த இடத்தில் வைப்பது. தொப்புளை 12 மணி என்றும் வலது இடுப்பை 3 மணி என்றும் வைத்துக்கொண்டு பேசுவது இந்தத் துறை வழக்கம். 12-க்கும் 2-க்கும் நடுவில் முன்பக்கம் வைப்பது அபெண்டிக்ஸ், 3-இலிருந்து 5 வரை பக்கவாட்டிலும் சற்றுப் பின்னாலும் வைப்பது ஸ்ட்ராங் சைடு. அபெண்டிக்ஸில் வேகமாக உருவலாம், நெரிசலில் யாராவது கை வைத்தாலும் உடனே தெரியும், சட்டைக்குள் நன்றாக மறையும். ஆனால் குழல் தொடையிடுக்கைப் பார்த்தபடி இருக்கும். பெரிய ரத்தக் குழாய் போகும் இடம் அது. ஸ்ட்ராங் சைடில் குழல் பெரும்பாலும் தரையைப் பார்க்கும், நாள் முழுக்க நிற்பவர்களுக்கு உறுத்தல் குறைவு. அதற்கும் குறை உண்டு. கடையில் கீழ்த்தட்டுச் சரக்கை எடுக்கக் குனியும்போது சட்டை முதுகில் இறுகும், பிடி அப்படியே துருத்திக்கொண்டு தெரியும். முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுக்கப் பழகினால் போதும். முதுகெலும்புக்கு நேராக 6 மணியில் வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். மல்லாந்து விழுந்தால் உலோகக் கட்டியின் மேல்தான் முதுகெலும்பு விழும்.

அபெண்டிக்ஸா ஸ்ட்ராங் சைடா என்பதில் பயிற்சி தருபவர்களே இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். அபெண்டிக்ஸ் ஆபத்து என்று ஒரேயடியாக ஒதுக்குபவர்களும் உண்டு, ஒழுங்காகத் திரும்ப வைக்கத் தெரிந்தவனுக்கு எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்பவர்களும் உண்டு. என் கணிப்பு இவ்வளவுதான்: புதிதாகத் தொடங்குபவர், அதுவும் கிளாக் மாதிரித் துப்பாக்கியோடு, முதல் சில மாதங்கள் ஸ்ட்ராங் சைடில் பழகுவது நல்லது. தொப்பை உள்ளவர்களுக்கு அபெண்டிக்ஸ் ஒத்துவராது என்ற பொது நம்பிக்கையும் முழு உண்மை இல்லை. வயிற்றின் மடிப்புக்குக் கீழே துப்பாக்கி சௌகரியமாக ஒளிந்துகொள்ளும் உடல்வாகும் உண்டு, தொட்டதுமே முடியாது என்று தெரியும் உடல்வாகும் உண்டு. போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

உங்கள் கைடெக்ஸ் அடிவயிற்றில் குத்துகிறது என்றீர்கள். அதைக் கழற்றிப் போடும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். உறையின் அடிமுனையில், உடம்பைப் பார்க்கும் பக்கம், ஆப்பு மாதிரி ஒரு ஃபோம் துண்டு ஒட்டலாம். வெட்ஜ் என்று விற்கிறார்கள், வெல்க்ரோவோடு வரும். கீழ்முனை உடம்பிலிருந்து சற்று விலகினால் மேலே இருக்கும் பிடி உடம்போடு சாயும். குத்தும் முனையும் மெத்தாகிவிடும். இரண்டாவது, கிளா என்று ஒரு சின்னக் கொக்கி. அது பெல்ட்டின் உள்பக்கத்தில் முட்டி, பிடியை வயிற்றோடு சேர்த்துத் திருப்பும். சட்டைக்கு வெளியே காட்டிக்கொடுப்பது குழல் அல்ல, பிடிதான். அதனாலேயே துப்பாக்கி சின்னதாக இருந்தால் சுகம் என்ற கணக்கு எப்போதும் சரிவராது. குழல் ரொம்பக் குட்டையாக இருந்தால் பெல்ட்டுக்குக் கீழே தாங்க ஒன்றும் இருக்காது, மேல்கனம் வெளியே சாயும். 19 மாடலுக்கே ஓர் அங்குலம் நீளமான உறை மாட்டினால் பலருக்குக் குத்தல் குறைகிறது. ஸ்ட்ராங் சைடில் வைத்தால் 10, 15 டிகிரி முன்பக்கம் சாய்த்துத் திருகை முடுக்குங்கள். பிடியின் பின்மூலை சட்டையைத் தூக்காது, எலும்பின் விளிம்பிலும் நேராக அழுத்தாது. உயரத்தையும் மாற்றிப் பாருங்கள். அரை அங்குலம் ஏற்றினாலே உட்காரும்போது தொடை இடிக்காமல் போகலாம்.

கார் தனிச் சிக்கல். சீட்டின் பக்க மேடு 4 மணியில் இருக்கும் துப்பாக்கியை நேராக இடுப்பில் அழுத்தும். 3 மணிக்குச் சற்று முன்னால் நகர்த்தினால் குறையும். சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை பிடிக்கு அடியில், இடுப்பெலும்போடு ஒட்டிப் போக வேண்டும். துப்பாக்கிக்கு மேலே போனால் உறுத்தும், விபத்தில் காயமும் கூடும். தொடையின் வெளிப்பக்கம் எரிச்சலோ மரத்துப்போவதோ தொடர்ந்து இருந்தால் அது பழகினால் சரியாகும் விஷயம் இல்லை. இறுக்கமான பெல்ட் அங்கே போகும் ஒரு நரம்பை அழுத்தினால் அப்படி வரும். இடத்தை மாற்றுங்கள், மாறவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். அங்கே என் அனுபவம் உதவாது.

பேண்ட்டுக்கு வெளியே, சட்டைக்கு உள்ளே வைப்பதைப் பற்றி நீங்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை. கடைக்காரருக்கு என் முதல் தேர்வு அதுதான். உடம்புக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் பேண்ட் துணி வந்துவிடும், வியர்வை போய்ச் சேராது, இடுப்பளவும் மாற்ற வேண்டாம். நம்மவர்களுக்கு அரைக்கைச் சட்டையை இன் பண்ணாமல் வெளியே விட்டுப் போடும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. உடம்போடு ஒட்டித் தட்டையாக உட்காரும் பான்கேக் வகை உறை, ஒரு சைஸ் பெரிய கொஞ்சம் கனமான பருத்திச் சட்டை, அதுவும் கட்டம் போட்டதோ பூப்போட்டதோ என்றால் நன்றாகவே மறையும். ஒற்றை நிற டி-ஷர்ட் வியர்வையில் ஒட்டி எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். மேல் தட்டுக்குக் கை தூக்கும்போது சட்டை ஏறுகிறதா என்று மட்டும் கண்ணாடி முன் பார்த்துக்கொள்ளுங்கள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது இதற்கு அப்படியே பொருந்தும். புதிதாக வைத்திருப்பவர்கள் நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள், அந்தக் கைதான் ஊருக்கே சொல்லிவிடும்.

எதை மாட்டினாலும் முதல் இரண்டு வாரம் வீட்டுக்குள், காலித் துப்பாக்கியோடு. குண்டுகள் அடுக்கிய மேகசினை எடுத்து, மேலே நகரும் ஸ்லைடை இழுத்து, குழலின் பின்னால் குண்டு உட்காரும் சேம்பருக்குள் கண்ணாலும் விரலாலும் பார்த்து, குண்டுகளை வேறு அறையில் வைத்துவிட்டு மாட்டுங்கள். மெத்தைக்கு மேலே உறையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள், விழுந்தால் திருகை இறுக்குங்கள். குனியுங்கள், காரில் ஏறி இறங்குங்கள், பூஜையறையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பாருங்கள். அபெண்டிக்ஸின் தலையெழுத்து அங்கேயே தெரிந்துவிடும். திரும்ப உறையில் வைக்கும்போது அவசரமே கூடாது. சட்டையை மார்பு வரை தூக்கிப் பிடித்து, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, ஜாக்கெட் நாடாவோ சட்டை நுனியோ உள்ளே இல்லை என்று உறுதி செய்து, மெதுவாக. அபெண்டிக்ஸ் என்றால் இடுப்பை முன்னால் தள்ளி, உடம்பைப் பின்னால் சாய்த்து, குழல் உடம்பைப் பார்க்காதபடி வையுங்கள்.

உறுத்தல் தாங்காமல் பையில் போட்டுக்கொள்ளலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். உடம்பில் இல்லாத துப்பாக்கி மறந்துபோகும். 2023-இல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் மட்டும் 6,700-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் பிடிபட்டன, பெரும்பாலானவை குண்டு நிரப்பியவை. பையில் கிடந்ததை மறந்துவிட்டேன் என்பதுதான் அங்கே வழக்கமாகக் கேட்கும் பதில். 2014 டிசம்பரில் ஐடஹோவின் ஹேடன் ஊரில், கடைக்கு வந்த ஒரு தாயின் கைப்பையிலிருந்து அவருடைய இரண்டு வயதுக் குழந்தையே துப்பாக்கியை எடுத்துச் சுட்டதில் அவர் இறந்துபோனார். பெண்கள் உடைக்கு ஏற்ற ஹோல்ஸ்டர் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். மற்றபடி புடவை, சல்வாருக்கு எது ஒத்துவரும் என்று ஆண்களுக்கே பாடம் எடுத்துப் பழகிய நான் சொல்வதைவிட, பெண் பயிற்றுநர் ஒருவரிடம் கேட்பதுதான் சரி.

சட்டம் பற்றி, வக்கீல் இல்லாத என் அளவுக்கு: 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில், துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாத 21 வயது நிரம்பியவர்கள் உரிமம் இல்லாமலே எடுத்துச்செல்லலாம். வேறு மாநிலங்களுக்குப் போனால் அந்த மாநிலச் சட்டம்தான், அங்கே எல்.டி.சி. சில இடங்களில் உதவும், சில இடங்களில் உதவாது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: எச்-1பி (வேலை), எஃப்-1 (படிப்பு) மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, அவற்றை வக்கீலிடம் கேட்காமல் நம்பாதீர்கள். நிரந்தரக் குடியிருப்பு உரிமையான கிரீன் கார்டு வந்த பிறகு இந்தத் தடை இல்லை. டெக்சாஸிலும் பள்ளிக்கூடம், நீதிமன்றம், மது விற்பனையே முக்கிய வருமானமாக இருப்பதால் சிவப்பு ‘51%’ பலகை மாட்டிய பார் என்று கொண்டுபோகக் கூடாத இடங்கள் நிறைய. அதனால் தினமும் ஒருமுறையாவது கழற்ற வேண்டி வரும். துப்பாக்கியை மட்டும் உருவாதீர்கள், உறையோடு சேர்த்துக் கழற்றி, காரில் கம்பியால் கட்டிய பெட்டிக்குள் பூட்டுங்கள். இப்படி அடிக்கடி கழற்றுபவர்களுக்கு பெல்ட்டில் கோர்க்கும் வளையத்தைவிட நல்ல கிளிப் வைத்த உறை வசதி.

உங்களிடம் இருக்கும் மூன்றுக்கு வருகிறேன். இப்போதைக்குப் புதிதாக ஹோல்ஸ்டர் எதுவும் வாங்காதீர்கள். முதலில் பெல்ட். அடுத்து கைடெக்ஸுக்கு ஒரு வெட்ஜ், ஒரு கிளா. ஹைப்ரிட்டின் தோல் விளிம்பு இடுப்பெலும்பில் மடிகிறதா, ட்ரிகர் பக்கத் தோல் அழுத்தினால் உள்ளே போகிறதா என்று பாருங்கள். போகிறது என்றால் அதுவும் கழிவுதான். இரண்டு வாரம் கழித்தும் கைடெக்ஸ் சரிவரவில்லை என்றால் 3 மணிக்குப் பான்கேக் ஒன்று வாங்கலாம், அப்போது உங்கள் உயரம், இடுப்பளவு, வலக்கையா இடக்கையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நைலானை யாருக்கும் இனாமாகக் கொடுத்துவிடாதீர்கள், கத்தரியால் வெட்டிக் குப்பையில் போடுங்கள்.